ஓட்டக்காரி

எல்லாரும் நலம்தானே? சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இருந்தால் வாயை மூடிக்கொண்டு படியுங்கள். இது கிருமிகள் குடியிருக்கும் இடத்துக் கதை.

"என்ன ஓட்டக்காரி, இன்னிக்காவது நிப்பியா? இல்ல, வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லட்டுமா?"

ஒலிபெருக்கியில் பயிற்சி மேடத்தின் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மைக்கும் கையுமாக நின்றார். இவள் உள்ளே, ஆய்வகத்தில், கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு நின்றாள். கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை, மூக்கை அழுத்தும் மாஸ்க், உள்ளே வழியும் வியர்வை.

நேற்று நடந்த கூத்து அந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும். பயிற்சிக்காக மேடம் வேண்டுமென்றே ஒரு குப்பியைத் தட்டிவிட்டார். ரோஜா நிறச் சாயத் தண்ணீர் காலில் தெறித்ததுமே இவள் வீல் என்று அலறி, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு கேண்டீன் வரை ஓடிப்போனாள். டீ போடுகிறவர்கூடச் சிரித்தார்.

இன்று மறுதேர்வு. இதிலும் தவறினால் வேலை கிடையாது. "பால் மறக்காத புள்ளைய என் தலையில கட்டிட்டுப் போறியே, அங்க அப்படி என்னத்தக் கிழிக்கிற?" என்று மாமியார் காலையிலேயே அர்ச்சனை செய்துதான் அனுப்பியிருந்தார்.

"ஃப்ரிட்ஜ்ல கீழ இருக்கிற குப்பித் தட்டை எடுத்து மேஜைக்குக் கொண்டு வா. கை நடுங்காம!"

சொன்னதுமே நடுங்கியது. கைக்கு முதலில் அகப்பட்ட தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மேஜை விளிம்பில் தட்டு இடித்தது. ஒரு குப்பி உருண்டு, விழுந்து, உடைந்தது. குடிக்கிற தண்ணீர்போலத் தெளிவாக ஏதோ தரையெங்கும் சிதறியது.

மேடம் மைக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் விழுந்தடித்து ஓடினார்.

'அதுக்குள்ள பெரிய சார்கிட்ட கோள் மூட்ட ஆள் அனுப்பியாச்சா!' என்று இவள் பல்லைக் கடித்தாள்.

"என்ன முழிக்கிற? கால் பரபரங்குதா? நீ ஓடத்தான் போற, எனக்குத் தெரியும்!"

"நான் ஓட மாட்டேன்!"

"அப்ப வாயை மூடு. மூச்சை அடக்கு."

உடைந்த சில்லை எடுக்கக் குனிந்தாள்.

"கிட்டப் போகாத! பூவா கொட்டிக் கிடக்கு, பொறுக்கிறதுக்கு? விட்டுட்டு நடு ரூமுக்கு வா. நடந்து வா. உனக்கு அதுதானே வராது?"

அவள் நடந்தாள். ஆய்வகத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்த சின்னக் கண்ணாடி அறைக்குள் வந்து, பின்னால் கதவை இழுத்துச் சாத்தினாள். மாஸ்க்கைக் கழற்றி ஒரு வாய் காற்று குடித்தால் போதும்போல் இருந்தது. கை தானாக மேலே போயிற்று.

"மூஞ்சிகிட்ட போற அந்தக் கையை ஒடிச்சிடுவேன்! கிருமியை அப்பிக்கிட்டு வீட்டுக்குப் போய் உன் குழந்தைக்குச் சோறா ஊட்டப் போற?"

"என் குழந்தையப் பத்திப் பேசாதீங்க!" கண்ணில் நீர் முட்டியது.

"பேசுவேன். பேச விடாதபடி நீ வேலையைச் செஞ்சு காட்டு, பார்ப்போம்."

காட்டினாள். மேல் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவினாள். கால் உறை. அங்கி, வெளிப்பக்கம் உடம்பில் படாமல் சுருட்டித் தொட்டிக்குள். அடிக் கையுறை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, நாடாவை மட்டும் பிடித்து, மாஸ்க். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மேடத்தை ஒரு திட்டு திட்டினாள். அதனாலேயே ஒன்றுகூட வரிசை தப்பவில்லை.

"சோப்புப் போட்டுக் கழுவு. முழங்கை வரைக்கும்."

கழுவினாள்.

"இன்னொரு தடவை."

"தோலே உரிஞ்சிடும்!"

"உரியட்டும். கழுவு."

தலை கலைந்து, கண் சிவந்து அவள் வராந்தாவுக்கு வந்தபோது, மூச்சிரைக்க ஸ்டோர்காரர் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கையில் பையோடு டாக்டர்.

"ஓகோ, நான் மயங்கி விழுவேன்னு டாக்டரை வேற வரவழைச்சாச்சா?" அவள் வெடித்தாள். "நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன் மேடம். இப்படி மனசு முழுக்க விஷத்தை வச்சிருக்கிற ஆளைப் பார்த்ததே இல்ல. ஒழுங்காச் செஞ்சேனா இல்லையா? பாஸா, ஃபெயிலா? சொல்லுங்க!"

மேடம் மைக்கை மேஜைமேல் வைக்கப் பார்த்தார். அது கை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவரால் முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நாளைக்கு நிஜமாவே கொட்டட்டும்! அப்பவும் நான் ஓட மாட்டேன். பார்த்துக்கிட்டே இருங்க!"

மேடம் அவளுடைய ஈரக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாத்தான்டி கொட்டிச்சு. நீ ஓடல."