மேல்தெரு வாய்க்கால்

செடி ஒன்றுகூட இல்லாத தெருவுக்கு யாராவது தண்ணீர் திறந்து விடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

மதகு பார்க்கிற தொலுபாய் திறந்து விட்டார். அதுவும் தினமும், பொழுது சாய்கிற நேரத்தில்.

மலையில் பனி உருகி வரும் தண்ணீர் அந்தச் சின்ன நகரத்தில் தெருத்தெருவாக முறை வைத்து ஓடும். சாயங்காலம் கீழ்த்தெருவின் முறை. அங்கே குடியிருக்கும் அசில்கானின் தக்காளிப் பாத்தி அதை நம்பித்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் உப்பில் ஊறப்போட்ட தக்காளிதான். இந்த வாரமோ இலையெல்லாம் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது.

மேல்தெருவில் யாரோ தொலுபாய்க்கு வாளி வாளியாகக் குதிரைப்பால் ஊற்றுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஷைர்குல் சொன்னாள். அவர் தொப்பையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றும் கேட்டாள்.

அசில்கான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாப்ளர் மரங்கள் பஞ்சு விடுகிற மாதம். தெருவே வெள்ளையாக மிதந்தது. குழந்தை பஞ்சைப் பிடிக்கக் கையை நீட்டி நீட்டிச் சிரித்தது. கோபம் ஆறாமல் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்தது.

மேல்தெரு முக்கில் தொலுபாய் மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கி விட்டுக் குந்தியிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடியது. எதிர்ப்பக்கம், வெந்நீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் தடுப்புகூட இல்லாமல் தெரு நீளத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தது.

"என்ன அண்ணே, தார் ரோட்டுக்கா பாய்ச்சுறீங்க? ஏதாச்சும் முளைக்குமா?"

"கொஞ்சம் இரும்மா."

"எங்க தண்ணிய இங்க விட்டுட்டு என்னை இருன்னா எப்படி? நாளைக்கு ஆபீசுல சொல்லத்தான் போறேன்."

"தாராளமா சொல்லு. இப்போ பேசாத, கேக்காது."

யாருக்கு, என்ன கேட்காது? அசில்கான் திரும்பிப் பார்த்தாள்.

பெரிய ரோட்டிலிருந்து கனிஷாய் வந்துகொண்டிருந்தாள். பொதுக் குளியல் கூடத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. முக்கில் நின்று தலையைச் சாய்த்தாள். பிறகு கைத்தடியை வாய்க்கால் ஓரமாகத் தட்டிக்கொண்டு மேல்தெருவுக்குள் திரும்பினாள்.

"புகையிலை வாசம் வருதே. தொலுபாய் அண்ணனா?" என்று சிரித்தாள். "எங்க தெருவுல ஒரு பூச்செடிகூட இல்ல, எதுக்கு தினமும் தண்ணி? கீழ்த்தெருவுல தோட்டமெல்லாம் வாடுமே, பாவம். அங்க திருப்பி விடுங்க."

மேலிடத்து உத்தரவு என்று தொலுபாய் கூசாமல் புளுகினார்.

கனிஷாய் நடந்தாள். தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவள் போல, பறக்கிற பஞ்சுக்குள் மெல்ல மெல்லப் போனாள்.

தொலுபாய் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் வாய்க்கால் காஞ்சு கெடந்துச்சு. இந்தச் சத்தத்த வெச்சுத்தான் அவளுக்கு எது எந்தப் பக்கம்னு தெரியும். சத்தம் இல்லாம, நேரா பள்ளத்துல போய் விழுந்துட்டா. அத மூடச் சொல்லி நானும் தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவகிட்ட சொல்லிடாத, தெரிஞ்சா தண்ணியே வேண்டாம்னுடுவா. அவ வீட்டுக்குள்ள போனதும் உங்க தெருவுக்குத் திருப்பிடுறேன்."

அசில்கான் குழந்தையின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். தெருக்கோடியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த அக்கா வீடு கடைசி வீடாச்சே. அவ்வளவு தூரத்துக்கு இந்தச் சத்தம் பத்தாது. பலகைய இன்னும் ரெண்டு விரக்கடை தூக்கி விடுங்களேன்."