கிணற்றடி வரிக்கு விளக்கம்

அவளுக்குக் கடைசி வரி விழுந்தது.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் சபையின் பெண்கள் கூடுகையில் அது வழக்கம். புதுப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்ததும், வரிக்கு ஒருத்தியாக எழுந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

பாட்டு அவளுடைய தம்பி எழுதியது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் குனிந்திருந்தான்.

கிணற்றடியில் கையை விட்டேன்;
அந்த ஓசை உறங்க விடாது.
ஒரு சொல் சொல்லும், நான் பிழைப்பேன்.

ஞானப்பூ முதலில் எழுந்தாள். “கிணறுன்னா சமாரியா ஸ்திரீதான். யோவான் நாலு.”

வேதாகமத் தாள்கள் சரசரத்தன.

தன் முறைக்குக் காத்திருந்த அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

சமாரியா இல்லை. ஊரில், வீட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவர் இடிந்த கிணறு. சிநேகிதன் கூப்பிட்டான் என்று, பிடித்திருந்த சின்னக் கையை விட்டுவிட்டுப் போனான் தம்பி.

அவளுடைய மகளின் கை.

பட்டணத்துக்கு வந்த பிறகு சேர்ந்த சபை இது. இங்கே யாருக்கும் தெரியாது.

“ஓசைன்னா சேவல் கூவின ஓசை,” என்றாள் தங்கபுஷ்பம். “பேதுரு மனங்கசந்து அழுதாரே!”

சேவலாம். கிணற்றுத் தண்ணீரில் பிள்ளை விழுந்த ஓசை அது.

தன் வரிக்குக் கூப்பிடும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

மகளின் அடக்கத்தன்று தம்பி அதைப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. ஞாயிறுதோறும் சாப்பிட வந்தான். மீன்குழம்பு நல்லாருக்குக்கா என்றான். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இப்போது ராகம் போட்டு ஆண்டவரிடம் கேட்கிறான். அவளையும் கூடச் சேர்ந்து பாட வைத்து.

“சொல்லுங்கக்கா,” என்றார் பாஸ்டரம்மா. “ஒரு சொல்னா மன்னிப்புதானே?”

“ஒரு சொல் கேக்கிறவன் முதல்ல ஒரு சொல் சொல்லட்டும்.” அவள் தம்பியைப் பார்த்தாள். “அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னலே?”

“எந்தப் பிள்ளை? பாட்டுல பிள்ளையே இல்லியே,” என்றாள் ஞானப்பூ.

ஆர்மோனியத் துருத்தி மூச்சு விட்டு அடங்கியது.

“எமீமா,” என்றான்.

“எமீமாளா? யோபுவோட மகள்லா! நாப்பத்திரண்டாம் அதிகாரம்!” தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் பின்னோக்கிப் புரட்டினார்கள்.

அந்தச் சரசரப்புக்குள் அவன் இன்னொரு முறை அந்தப் பெயரைச் சொன்னான். யாரும் சொல்லச் சொல்லாமலே.

அவள் உட்காரவில்லை.

அவளுடைய வரி இன்னும் பாக்கி இருந்தது.