இரண்டாவது ஆள்

வீட்டில் இரண்டு பேராவது இருந்தால்தான் பகலில் குளிர்சாதனம் ஓடும். தனி ஆள் என்றால், ஆளைக் கொல்லும் அந்த வெயில் தணியும்வரை பொதுக்கூடத்தில் போய்க் கிடக்க வேண்டும். திருச்சியில் இப்போது அதுதான் சட்டம்.

கணவர் அருளப்பனை அடக்கம் செய்த மறுநாளே ஜெசிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, அவருடைய சட்டையைச் சுற்றி, அவர் நாற்காலியில் வைத்தாள். உடம்புச் சூட்டை வைத்து ஆள் எண்ணும் சுவர்க்கருவி ஏமாந்துபோனது.

“வணக்கம். இருவர் இருக்கிறீர்கள்” என்று சொல்லிக் குளிரை அனுப்பியது.

பை ஆறிப்போனால் ஜெசிந்தா சலித்துக்கொண்டே மறுபடி நிரப்புவாள். “உக்காந்த எடத்துக்கே எல்லாம் வரணும் உங்களுக்கு!”

பங்குனியில் ஒருநாள் பக்கத்து வீட்டுத் தவமணி ஓடிவந்தாள்.

“அக்கா, சட்டத்த மாத்திட்டாங்க! இனிமே தனியா இருந்தாலும் குளிரு உண்டாம். அந்த வெந்நீர்த் தொல்லை விட்டுச்சு உங்களுக்கு.”

“அப்பாடா” என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் காலை சட்டையை மடித்துப் பீரோவில் வைத்தாள். கருவி விழித்துக்கொண்டது.

“வணக்கம். ஒருவர் இருக்கிறீர்கள்.”

குளிர் ஜில்லென்று வந்தது. ஜெசிந்தா எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.