கடைசி ஓட்டை

"வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. சீக்கிரம் வாங்க!" என்று போனில் பதறினாள் மனைவி.

"சுவர்ல ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி. அடைச்சிட்டு ஓடி வர்றேன்" என்றார் மேஸ்திரி.

"நீங்களும் உங்க சுவரும்!"

இன்ஜினியர் பக்கத்திலேயே நின்று விரட்டினார். "மேஸ்திரி, கடல் தண்ணி ஒரு சொட்டுகூட ஊருக்குள்ள வரக்கூடாது. தாங்குமா?"

"உங்க வரைபடத்தை நான் நம்பல சார். என் கலவையை நம்புறேன்."

கடைசிக் கல்லும் உட்கார்ந்தது. கடல் முட்டி மோதிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. ஊரே கைதட்டியது.

மறுபடியும் போன். "ஐயோ, தண்ணி கூடத்துக்குள்ள ஏறிடுச்சுங்க!"

"ஏறத்தான் செய்யும். பிள்ளைங்களைக் கட்டில் மேல ஏத்து, வந்துட்டேன்."

எல்லோரும் ஊர்ப்பக்கம் இறங்க, மேஸ்திரி மட்டும் ஏணியைக் கடல் பக்கம் சாய்த்தார்.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க?" என்று திகைத்தார் இன்ஜினியர்.

"வீட்டுக்குத்தான். உங்க படத்துல எங்க தெரு சுவருக்கு வெளியதானே சார் இருக்கு?"