மழைக்கு வைத்த பெயர்

“உனக்கும் ஒரு ரசிகர் கிடைச்சாச்சுடி. காலையிலேர்ந்து உன் விளையாட்ட விட்டு வெளியவே வரல,” என்று தொலைபேசியில் சிரித்தாள் ரெஜினா. ஆடுபவர் கட்டளை எழுதி அறை அறையாக நகரும் கதை விளையாட்டு அது; கோமளா எழுதியதை, கோமளாவே பதிந்த ஒலிகளோடு இணையத்தில் ஏற்றிக் கொடுத்தவள் ரெஜினாதான். “அவங்க அடிக்கிறதெல்லாம் இங்க வரிவரியா வருது. ‘மாடிக்குப் போ. மூன்றாவது படியில் கால் வைக்காதே.’ படியப் பத்தி நீ ஒண்ணுமே எழுதலையே?”

எழுதவில்லை. விளையாட்டில் வருவது கோமளா தன் கணவனோடு வாழ்ந்த வீடு. அந்தப் படி கிரீச்சிடும் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனிடமிருந்துதான் அவள் ஓடி வந்து ஒளிந்திருந்தாள்.

“மழைச் சத்தத்த மட்டும் இறக்கி வச்சுக்கிட்டாங்க.”

அந்த மழையை அவள் பதிந்தது இந்தப் புது வீட்டு ஜன்னலில். மற்ற கோப்புகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தவள், இதற்கு மட்டும் கைபேசி தானாக வைத்த பெயரை மாற்ற மறந்துவிட்டாள். அது இந்தத் தெருவின் பெயர்.

“அப்புறம் ரெண்டு மணி நேரமா ஒண்ணும் அடிக்கல. இரு, வந்துட்டாங்க. இப்ப போன்லேர்ந்து விளையாடறாங்க,” என்றாள் ரெஜினா. “ஒரே வரிதான். ‘கதவைத் திற, கோமு.’”