பால் ஊற்றாத டீ

2025 மே 6 அன்று நெட்டுக்குப்பத்தின் கடைசித் தெருவுக்கு குடிநீர் வாரிய அலுவலகத்திலிருந்து புகாருக்குப் பதில் வந்தது: தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்தது, ஆய்வுக்கென்று பொதுமக்கள் பாட்டிலில் கொடுத்தது தண்ணீர் அல்ல, டீ.

“டீயாமே டீ. இன்னிக்கி வரட்டும், டீயே போட்டுக் குடுக்கறேன்,” என்று இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஜோதிகா அடுப்பைப் பற்றவைத்தாள்.

தெரு கொடுத்த இரண்டாவது புகாரை விசாரிக்க, அந்தப் பதிலை எழுதிய அதே அலுவலர் வருகிறார். மறுபடியும் அப்படியே எழுதிவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். தண்ணீர் லாரியும் வராது.

மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த மாமியார் குப்பம்மா, கூடையை இறக்கிவிட்டுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, டீத்தூளா, செங்கல் பொடியா?”

“தாய்லாந்து டீத்தூளு அத்த. எங்க ஜூஸ் கடையில போடறதுதான். பால் ஊத்தறதுக்கு முன்னால கலரப் பாரு. நம்ம கொழாத் தண்ணி மாரியே இல்ல?”

துணியில் வடிகட்டியதும் குப்பம்மா கிட்டே குனிந்து பார்த்தாள். அதே ஆரஞ்சு, அதே துரு.

“வாசன காட்டிக் குடுத்துடுமே.”

“ஐஸ் போட்டா அமுங்கிடும். மிச்சத்துக்கு உன் மீன் கூட கீது.”

குப்பம்மா சிரித்துக்கொண்டே கூடையை விருந்தாளி உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

அவள் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மேசையில் இரண்டு கண்ணாடி கிளாஸ்கள் இருந்தன. இரண்டிலும் ஐஸ் மிதந்தது. எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

“அவன் டீயக் கரெக்டா எடுத்துக் குடிச்சிட்டா நம்ம கத முடிஞ்சிது ஜோதி.”

“எடுக்கட்டும், பாக்கலாம்.”

குழாயில் விடியற்காலையில்தான் தண்ணீர் வரும். அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வாசலில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ரேகா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“என்னம்மா இது?”

“நாங்க குடுத்தது டீன்னு எழுதனீங்க சார். அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிதான எழுதிருப்பீங்க. இதுல எது டீ, எது தண்ணி, சொல்லுங்க. டீய நீங்களே குடிச்சிக்கலாம்,” என்றாள் ஜோதிகா.

“விளையாடறியாம்மா?”

“இல்ல சார். கொழாத் தண்ணி நல்ல தண்ணின்னும் எழுதிகீறீங்க. அப்ப எதக் குடிச்சாலும் ஒன்னுதான?”

வாசலில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் இடது கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீழே வைத்தார். வலது கிளாஸைத் தூக்கினார். உதடுவரை கொண்டுபோனவர், அதையும் இறக்கிவிட்டார்.

“எனக்கு சுகர் இருக்கு.”

“சக்கர இன்னும் போடல சார்.”

“ஐஸ் ஒத்துக்காதும்மா. தொண்ட.”

“அப்ப கரையட்டும், வெயிட் பண்ணுங்க,” என்றாள் குப்பம்மா. “எங்களுக்கு இன்னா வேல கீது?”

அவர் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ரேகாவின் போன் அந்தப் பக்கம் திரும்பியது. பாட்டிலை மறுபடி பைக்குள் வைத்தார். கிளாஸ்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“எழுதனத படிச்சிட்டுப் போங்க சார்,” என்றாள் ஜோதிகா.

“நேரில் சோதித்தேன். தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறது. குடிக்க உகந்ததல்ல.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

ஜோதிகா டின் பாலைத் திறந்து முதல் கிளாஸில் ஊற்றினாள். ஆரஞ்சு மெல்ல வெளுத்தது. பிறகு இரண்டாவதிலும் ஊற்றிக் குப்பம்மாவிடம் நீட்டினாள்.

குப்பம்மா பின்வாங்கினாள். “அடிப் பாவி, ஒன்னு கொழாத் தண்ணிடி.”

“கொழா காலைலேந்து காத்துதான் வுட்டுகினு கீது அத்த. தண்ணிக்கு நான் எங்க போவேன்? ரெண்டும் டீதான், குடி.”

மறுநாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது.