மூளை உள்ள ஆள்

சுனாமிக்கு அடுத்த கோடை. மரக்காணம் உப்பளத்தில் கண் கூசும் வெயில். கடல் மேல் மட்டும் கருமேகம் ஏறுகிறது. உப்பு வாரும் பெண்களைப் புது மேனேஜர் பரத் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். ஜீப் நிழலில் முதலாளி அதை ரசிக்கிறார். "மூளை இருக்கறவனுக்குத்தான் இந்தக் கோவம் வரும். நீயும் இருக்கியே!" என்கிறார் மேஸ்திரி தேசப்பனிடம். இதுவரை யாரையும் அதட்டிப் பேசியறியாத தேசப்பனுக்குக் காது சுடுகிறது. அந்த நேரம் பார்த்து அம்சவல்லி கூடையோடு வரப்பில் வழுக்கி விழுகிறாள். உப்பு சேற்றில் சிதறுகிறது. தேசப்பன் தூக்கிவிடத்தான் ஓடுகிறான். வாயில் வருவதோ வேறு. "கண்ணு அவிஞ்சா போச்சு? எருமை மாடு!" உப்பு வாரும் பலகைகளின் சரசரப்பு சட்டென்று நிற்கிறது. முழங்கால் காயத்தில் உப்பு எரிய, "அண்ணே, நீங்களா?" என்கிறாள் அவள். முதலாளி சிரிக்கிறார். "பரவால்லியே, உனக்கும் மூளை இருக்குதே! வா, இப்படி வந்து உக்காரு." பலகைகள் மறுபடி சரசரக்கின்றன, முன்னைவிட வேகமாக. அம்சவல்லியின் முகத்தைப் பார்க்காமலே தேசப்பன் போய் முதலாளி பக்கத்தில் உட்காருகிறான். மார்பு படபடக்கிறது. பயமில்லை, ஏதோ இனிப்பாக இருக்கிறது. அடுத்து யார் கால் இடறும் என்று அவன் கண்கள் வரப்பு நெடுகத் தேடுகின்றன.